பழைய பேஸ் கிட்டார் கைமாறும்போது: டெல்டாவில் கண்டவை

பழைய பேஸ் கிட்டாரை (தாழ்ந்த சுரம் வாசிக்கும் கிட்டார்) விற்பவர் கவனிக்க வேண்டியதை டெல்டாவின் ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒருவர் சொல்கிறார்.

தஞ்சாவூர்

விற்க முடிவு செய்ததும் பலர் முதலில் எடுப்பது துணியும் பாலிஷும்தான். கெடுவதும் அங்கேதான். தெற்கு வீதிப் பக்கம் கைமாறிய ஜப்பான் ஜாஸ் பேஸ் (ஃபெண்டர் கம்பெனியின் ஒரு மாடல் வகை) ஒன்று. குத்துவிளக்கு துலக்கும் பொடியைப் போட்டு, கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜைத் தேய்த்திருந்தார்கள். குரோம் கீறியது ஒரு பக்கம். பொடி வேர்வையோடு சேர்ந்து சாடில் (பிரிட்ஜில் கம்பி உட்காரும் சிறு துண்டு) திருகுகளின் மரையில் இறுகிவிட்டது. நான்கு சாடிலுக்கு எட்டுத் திருகு. அதில் மூன்று அசையவில்லை. 1.5 எம்எம் ஆலன் கீ உள்ளேயே வழுக்கிச் சுற்றியது. கம்பி உயரத்தை மாற்ற முடியாத பேஸை யார் முழு விலைக்கு வாங்குவார்கள்?

ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் இன்னொன்று. கம்பியை முறுக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் லாக்கர் பூச்சு நூல்நூலாக வெடித்திருக்கும், அந்த வெடிப்புக்குள் குங்குமச் சிவப்பு இறங்கிவிடும். நகத்தால் சுரண்டினால் லாக்கர் செதிலாகப் பெயரும். பருத்தித் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து ஒற்றி எடுங்கள், உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். அதற்கும் போகாத சிவப்பு அப்படியே இருக்கட்டும். விவரம் தெரிந்தவர் அதற்காக விலையைக் குறைக்க மாட்டார்.

வயதைக் கண்டுபிடிக்க, கழுத்தான நெக்கின் பின்னால் உள்ள தகட்டு எண்ணை மட்டும் நம்பாதீர்கள். நான்கு திருகைக் கழற்றினால் யாரும் அதை மாற்றிவிடலாம். அமெரிக்க ஃபெண்டர் என்றால் கன்ட்ரோல் தகட்டைத் திறந்து, வால்யூம், டோன் குமிழுக்கு அடியில் இருக்கும் 'பாட்' என்ற பாகத்தின் முதுகைப் பாருங்கள். 1377832 என்று இருந்தால் 137 என்பது சிடிஎஸ் நிறுவனம், 78 ஆண்டு, 32 வாரம். 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல். அது அசல் பாட் என்றால் கருவி அந்தத் தேதிக்கு முந்தியதாக இருக்க முடியாது, பிந்தியதாக இருக்கலாம். எழுபதுகளின் பிற்பகுதியில் வந்த ஜப்பான் ஐபனேஸ் கம்பெனிக் கருவிகளில் வரிசை எண்ணே சொல்லிவிடும்: எஃப் 78 என்று தொடங்கினால் ஆங்கில எழுத்து வரிசையில் ஆறாவது மாதம், அதாவது 1978 ஜூன். ஜேவி என்று தொடங்கும் ஃபெண்டர்கள் 1982ல் ஜப்பானில் தொடங்கிய முதல் வரிசை. அவற்றைத் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள், அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

நாகப்பட்டினம்

அண்ணன் பொடியைச் சொன்னார், இங்கே உப்புக்காற்று அந்த வேலையைத் தானே செய்கிறது. நாகூர், வேளாங்கண்ணி, காரைக்கால் பக்கம் தேவாலயக் குழுக்களில் ஓடிய பேஸ்களில் முதலில் போவது, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பின் சுருள். அந்தக் கம்பி 42 கேஜ், 0.06 மில்லிமீட்டர்தான், தலைமுடியைப் போல. எனாமலில் ஒரு புள்ளி விட்டால் போதும், பச்சை பூத்து அறுந்துவிடும்.

சோதிக்க எதையும் பிரிக்க வேண்டாம். ஜாக்கில் கேபிளைச் செருகுங்கள், வால்யூம் எல்லாம் முழுதாகத் திறந்திருக்கட்டும். மல்டிமீட்டரை 20கே ஓமில் வைத்து கேபிளின் மறுமுனையில் நுனிக்கும் உடம்புக்கும் இடையே அளவு பாருங்கள். பிரிசிஷன் பேஸ் (ஃபெண்டரின் இன்னொரு மாடல்) என்றால் 10 அல்லது 11கே பக்கம் வரும். ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்பும் சேர்ந்து மூன்றரையிலிருந்து நான்குக்குள் வரும். ஒன்றை முழுதாகக் குறைத்தால் மற்றது ஏழு பக்கம் காட்ட வேண்டும். மீட்டரில் வெறும் 1 என்று நின்றால் எங்கோ அறுந்திருக்கிறது. பிரிசிஷனில் இரண்டு சுருளும் தொடராக இருப்பதால் ஒன்று அறுந்தாலும் மொத்தமும் ஊமை.

அறுந்த சுருளை பம்ப்செட் மோட்டார் காயில் கட்டுபவரிடம் கொடுத்து வீணாக்கியதை இரண்டு இடத்தில் பார்த்தாயிற்று. அவர் கையில் இருப்பது தடித்த கம்பி. இதற்குச் சுருளுக்குச் சுமார் பத்தாயிரம் சுற்று வேண்டும், இந்தச் சின்னப் பாபினில் தடித்த கம்பி அவ்வளவு அடங்காது. சென்னையிலோ பெங்களூரிலோ பிக்கப் சுற்றுபவரிடம் அனுப்புங்கள். இல்லை, புதுப் பிக்கப் மாட்டி, அறுந்த பழையதைப் பொட்டலம் கட்டிப் பேஸோடு கொடுங்கள். செத்த பிக்கப்புக்கும் மதிப்பு உண்டு.

கம்பியைத் தொடும்வரை இரைச்சல், தொட்டதும் நின்றுவிடுகிறதா? அது பழைய சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்பின் இயல்பு, எர்த் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். தொட்டாலும் நிற்கவில்லை என்றால் பிரிட்ஜுக்கு அடியில் போகும் எர்த் கம்பி துருப்பிடித்திருக்கும். பிரிட்ஜிலிருந்து ஜாக்கின் உடம்புக்குத் தொடர்ச்சி இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். விற்கும் முன் இதை அவசியம் சரிசெய்யுங்கள்.

வால்யூம் கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் இரண்டு பீச்சு, முப்பது தடவை திருகல், போதும். தையல் மிஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம்; கார்பன் தடத்தில் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பெனியில் வைத்த ஈயப் பற்று நன்றாக இருந்தால் அதன் மேல் சால்டரிங் அயர்னைக் கொண்டுபோகவே கூடாது. திறந்து பார்ப்பவர் முதலில் தேடுவது கை படாத ஈயத்தைத்தான்.

கும்பகோணம்

பெயிண்ட் பற்றி ஒரு வார்த்தை. பட்டறையில் கார் பெயிண்ட் அடித்துப் புதிதாக்கிய பேஸ் விற்பனைக்கு வந்தால் விலை ஏறக்குறைய பாதிதான். வாங்குபவர், விற்பவர் இருவரும் ஒத்துக்கொள்ளும் கணக்கு அது. மேல்விளிம்பில் கை தேய்த்த இடத்தில் மரம் தெரிந்தால் தெரியட்டும். விளம்பரத்தில் அந்த இடத்தையே கிட்டத்தில் படமெடுத்துப் போடுங்கள்.

மயிலாடுதுறை

நெக்கைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பேரம் முறிவது பெரும்பாலும் அங்கேதான்.

கம்பி நீளம் 34 அங்குலமான பேஸில் நான்கு கம்பியும் சேர்ந்து எழுபது, எண்பது கிலோ இழுக்கும். ஐப்பசி அடைமழையில் மரம் ஈரம் குடிக்கும், கத்திரியில் காயும். காயும்போது விரல் வைக்கும் பலகை சுருங்கி, அதில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளின் முனைகள் விளிம்பில் கையைக் கீறும். மழையில் செட் பண்ணியதைச் சித்திரையில் காட்டாதீர்கள். ஆள் பார்க்க வரும் அன்று காலை அளந்துவிடுங்கள்.

கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், நெக் உடம்போடு சேரும் ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடியுங்கள். ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேல் 0.3 முதல் 0.35 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் நல்லது. பதினேழாவது ஃப்ரெட்டில் தடித்த கம்பி சுமார் 2.4, மெல்லிய கம்பி 2 மில்லிமீட்டர் உயரம். இடைவெளி அதிகமென்றால் நெக்குக்குள் ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடின் நட்டை வலப்புறம் கால் சுற்று மட்டும் திருப்பி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

பழைய ஃபெண்டரில் அந்த நட் நெக்கின் அடிப்பக்கம் இருக்கும். கம்பியைத் தளர்த்தி நெக்கைக் கழற்றித்தான் திருக வேண்டும். திரும்ப மாட்டும்போது திருகை முதலில் இடப்புறமாகச் சுற்றுங்கள். 'டக்' என்று பழைய மரைக்குள் விழும் ஓரிடம் கைக்குத் தெரியும். அங்கிருந்து வலப்புறம் முடுக்குங்கள். இதைச் செய்யாமல் முடுக்கினால் மரத்தில் புது மரை விழும், நாலு தடவையில் ஓட்டை தொளதொளத்துவிடும். நட் இறுகி நின்றுவிட்டால் பலம் காட்டாதீர்கள். ராட் உள்ளே அறுந்தால் பலகையைப் பெயர்க்க வேண்டியிருக்கும். வீணை ஆசாரிகள் மரத்தில் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் வீணையில் மெட்டு மெழுகில் உட்காரும். கிட்டாரில் ஃப்ரெட் பலகைக்குள் பள்ளத்தில் அடித்து இறக்கியது. அந்த வேலைக்குக் கிட்டார் பழகிய கைதான் வேண்டும்.

முதல் ஐந்து ஃப்ரெட்டில் கம்பித் தடம் விழுந்திருந்தால் மறைக்க வேண்டாம், விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள்.

திருவாரூர்

யாருக்கு விற்பது என்பதில் எனக்குச் சற்று மாறுபட்ட கருத்து. எல்லாரும் சென்னைச் சேகரிப்பாளரை நினைத்துப் பேசுகிறீர்கள். இங்கே மெல்லிசைக் குழுக்களுக்கு எண்பதுகளின் திரைப்பாடல் வாசிக்க பேஸ் இல்லாமல் முடியாது. அவர்களுக்கு 'பாட்' பாகத்தின் தேதி ஒரு பொருட்டில்லை, மேடையில் கரகரக்காமல் ஓட வேண்டும். சாதாரண உள்நாட்டுப் பேஸ் என்றால் குழுக்காரரிடமே கொடுங்கள், தை, மாசியில் கேளுங்கள். பங்குனி, சித்திரைத் திருவிழாக் கச்சேரிக்கு முன் தேவை வரும். மார்கழியில் யாரும் எடுக்க மாட்டார்கள். அறுபது, எழுபதுகளின் அசல் ஃபெண்டரை அப்படிக் கொடுப்பது மட்டும் தப்பு.

பார்க்க வருபவருக்கு ஆம்ப் தயாராக இருக்கட்டும். ஒவ்வொரு கம்பியிலும் எல்லா ஃப்ரெட்டையும் அவரே வாசித்துப் பார்க்கட்டும். துருப்பிடித்த கம்பியோடு காட்டினால் நல்ல பிக்கப்பும் செத்ததாகக் கேட்கும், 45-105 தடிமன் புதுக் கம்பி செட் ஒன்று போட்டுவிடுங்கள்.

'பணம் அனுப்புகிறேன், இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க' என்றால் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். யுபிஐயில் பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. ஸ்கிரீன்ஷாட்டையும் ஏற்காதீர்கள், வங்கிக் கணக்கில் வரவு தெரிந்த பிறகு கொடுங்கள்.

மன்னார்குடி

பார்சலில் உடைவது ஹெட்ஸ்டாக். பேஸ் 117 சென்டிமீட்டர் நீளம், தலை கனம். பெட்டிக்குள் நெக்கின் அடியில் மட்டும் தாங்கு கொடுத்து, ஹெட்ஸ்டாக்கைத் தொங்க விட்டால் லாரி குலுக்கலில் ட்யூனர் வளையும், கம்பி நெக்கில் ஏறும் இடத்து நட் பக்கம் விரிசல் விடும். ஹெட்ஸ்டாக்கின் இரு பக்கமும் தெர்மகோல் நெருக்கமாகத் திணியுங்கள். கம்பியை முழுதும் கழற்றாமல் இரண்டு, மூன்று சுரம் இறக்குங்கள். பழைய லாக்கரின் மேல் பபிள் ஷீட்டை நேராகச் சுற்றினால் வெயிலில் புள்ளி புள்ளியாக அச்சு விழும், முதலில் வேட்டித் துணி சுற்றுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போடுங்கள், அந்துருண்டை பிளாஸ்டிக்குக்கும் லாக்கருக்கும் ஆகாது.

வெளிநாட்டுக்காரர் கேட்டால் பலகையின் மரத்தைப் பாருங்கள். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, அனுமதி இல்லாமல் எல்லை தாண்டாது. அறுபதுகளின் முதல் பாதி ஃபெண்டர் பலகைகளில் அது உண்டு.

ஆம்னி பஸ்ஸில் அனுப்புவதானால் இன்ஜின் பக்கத்து டிக்கியில் ஏற்ற விடாதீர்கள். இரவு முழுக்க அங்கே சூடு.