முறிகண்டியில சரிஞ்ச புல்லட்

குழு: பெத்தம்மா வீடு

[காலை 10:42] மல்லாவி மாமி: பிள்ளை, நீ இப்ப எங்க நிக்கிறாய்? பக்கத்து வீட்டுப் பொடியன் விடிய முறிகண்டியில உன்னைக் கண்டவனாம். பெரிய மோட்டச்சைக்கிளோட நிலத்தில கிடந்தனியாம்.

[10:44] நான்: நான் கிடக்கேல்லை மாமி. சைக்கிள்தான் கிடந்தது. நான் பக்கத்தில நிண்டனான்.

[10:44] அண்ணா கட்டார்: எந்தச் சைக்கிள்

[10:47] அண்ணா கட்டார்: பார்த்திட்டாய் எண்டு காட்டுது. எந்தச் சைக்கிள் எண்டு கேட்டனான்.

[10:49] நான்: உங்கடைதான்

[10:49] பெரியம்மா: ஐயோ பிள்ளைக்கு அடி பட்டதோ

[10:49] அண்ணா கட்டார்: டாங்கி?

[10:50] புதுக்குடியிருப்பு மச்சாள்: பெரியம்மா பிள்ளையைக் கேக்கிறா, அவர் டாங்கியைக் கேக்கிறார்.

[10:55] நான்: ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. ஸ்கூட்டியின்ர பெல்ட் அறுந்து போச்சு. மாங்குளத்தில வேலைக்கு நிக்கவேணும், அதான் புல்லட்டை எடுத்தன். ஏ9 ரோட்டில ஓடச் சுகமாத்தான் இருந்தது. முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் ஆர் தாண்டுறது? நிப்பாட்டி, தேங்காய் உடைச்சு, கச்சானும் வாங்கிக்கொண்டு வந்து ஸ்டாண்டில இருந்து நிமித்தினன். ஸ்கூட்டி நினைப்பில இழுத்துப் போட்டன். நேர வந்து நிக்காமல் அப்பிடியே அங்கால வலப்பக்கம் போட்டுது.

[10:56] அண்ணா கட்டார்: லைசன்ஸ் இருக்கோ உதுக்கு

[10:57] நான்: ஏ வகுப்பு, பெரிய சைக்கிளுக்குரியது. சின்னச் சைக்கிளுக்கு மட்டுமான ஏ1 இல்லை. ரெண்டு பேரும் ஒரே நாள்தானே ட்ரயல் குடுத்தனாங்கள். நான் பாஸ். நீங்கள் திரும்பப் போனனீங்கள்.

[10:58] சின்னமாமா கராஜ்: (வாய்ஸ் 3:12)

[11:01] பெரியம்மா: தம்பி எழுதி விடு. நான் கிளினிக்கில நிக்கிறன், சத்தமாக் கேக்க ஏலாது.

[11:04] சின்னமாமா கராஜ்: கை எல்லாம் கிறீஸ். சரி. பிறகு ஆர் தூக்கினது?

[11:09] நான்: மூண்டு பொடியள் ஓடி வந்தாங்கள். ஒருத்தன் ஹாண்டிலைப் பிடிச்சான், ஒருத்தன் சிக்னல் லைட்டைப் பிடிச்சான், மற்றவன் எதிர்ப்பக்கம் நிண்டு இழுத்தான். ஒருமாதிரி எழும்பிட்டுது, முன் பிரேக் பிடி வளைஞ்சிட்டுது. அதில்லை மாமா. கச்சான் விக்கிற அம்மா சொல்லுறா, "தூக்க ஏலாட்டி உதை ஏன் பிள்ளை கொண்டு வந்தனி" எண்டு. அதுதான் சுட்டது. நெடுங்கேணி ரோட்டில விழுந்திருந்தா மூண்டு பொடியளுக்கு நான் எங்க போறது?

[11:15] சின்னமாமா கராஜ்: அவன்ர புல்லட் ரோயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350. அது 195 கிலோ. நாலு சீமெந்துப் பைக்கு 5 கிலோதான் குறைவு. கைப் பலத்தால அதைத் தூக்க என்னாலயும் ஏலாது, உன்ர அண்ணனாலயும் ஏலாது. போன முறை வந்து நிண்டு விழுத்தினவன், நானும் அவனும் சேர்ந்துதான் நிமித்தினது.

[11:15] அண்ணா கட்டார்: மாமா அது மழை

[11:19] சின்னமாமா கராஜ்: முதல் திறப்பை நிப்பாட்டு. பெற்றோல் சொட்டுதோ பார். வலப்பக்கம் விழுந்தா உனக்கு நல்ல காலம், சைட் ஸ்டாண்ட் மேல தெரியும். தூக்க முதலே அதை வெளியில விட்டு, கியரிலயும் போட்டுவிடு. அப்பத்தான் உருளாது, நிமித்தின வேகத்தில அங்கால போய் விழாது. இடப்பக்கம் விழுந்தா ஸ்டாண்ட் கீழ அம்பிடும், நிமித்தின பிறகுதான் காலால தேடவேணும்.

[11:24] சின்னமாமா கராஜ்: இனி ஹாண்டிலை முழுக்க வெட்டித் திருப்பு. கீழ கிடக்கிற பிடி டாங்கியோட வந்து ஒட்டவேணும். சைக்கிளுக்கு முதுகைக் காட்டிக் குந்து. சீட்டின்ர ஓரத்தில குண்டி முட்டவேணும் (பெரியம்மா மன்னிக்கவும்). இடக்கையால அந்த ஹாண்டில் பிடியைப் பிடி, வலக்கையால பின்பக்கக் கம்பியைப் பிடி. சிக்னல் லைட்டில கை வைக்காத. சைலன்சரும் அந்தப் பக்கம்தான், கெண்டைக்கால் கவனம். முதுகை வளைக்காமல் காலால ஊண்டி, சின்னச் சின்ன அடியாப் பின்னுக்கு நட. முதல் ஒரு முழம்தான் பாரம். பாதிக்கு மேல வர இளகிக் குடுக்கும். அந்த நேரம் அவசரப்படாத, ஸ்டாண்டில மெல்ல விடு.

[11:26] பெரியம்மா: நெல்மூட்டை மாதிரித்தான். உங்கட பெரியப்பா லொறிக்கு ஏத்தேக்க கையாலயே தூக்கினவர்? முதுகையெல்லோ குடுத்தவர்.

[11:28] நான்: முறிகண்டியில பொருபொருவெண்ட கிறவல் மாமா. கால் வழுக்கும்.

[11:31] சின்னமாமா கராஜ்: கால் வழுக்கிற இடத்தில தனியத் தூக்காத. சரிவிலயும் வேண்டாம். நான் இரணைமடுக் குளக்கட்டில தனியத் தூக்கப் போய், சைக்கிள் முன்னால நான் பின்னால கீழ வந்தனான். ஆள் வருமட்டும் கச்சானைச் சாப்பிட்டுக்கொண்டு இரு. வாற ஆக்களையும் ஒரே பக்கத்தில நிப்பாட்டு. எதிர்ப்பக்கம் ஒருத்தன் நிண்டா அவன்ர காலிலதான் விழும்.

[11:33] சின்னமாமா கராஜ்: சரியத் தொடங்கினா பிடிச்சு நிப்பாட்டப் பாக்காத. காலை இழுத்துக்கொண்டு விட்டிடு. டாங்கிக்குப் பெயின்ற் அடிக்கலாம்.

[11:33] அண்ணா கட்டார்: மாமா!

[11:40] புதுக்குடியிருப்பு மச்சாள்: நான் ஸ்கூட்டியையே விழுத்தினனான். கிறவல் ரோட்டில ஆறுதலாத் திருப்பேக்க முன் பிரேக்கைத் தொட்டன், ஆள் நிலத்தில.

[11:43] சின்னமாமா கராஜ்: ஹாண்டில் வெட்டியிருக்கேக்க முன் பிரேக் தொடக்கூடாது. பின் பிரேக், அரைக் கிளச், கண் போகவேண்டிய பக்கம். வேகத்திலதான் விழுறதெண்டு சனம் நினைக்குது. என்னட்ட வளைஞ்ச பிடியோட வாறவையில கனபேர் தங்கட படலையடியில விழுந்தவை. பிள்ளை, அந்தப் பிடியை அடிச்சு நிமித்தாத, முறியும். வேலை முடிய இங்க வா, மாத்துவம்.

[மாலை 6:20] நான்: (படம்) தனியத் தூக்கிட்டன்!!! மூண்டாந்தரம்தான் சரிவந்தது. முதல் ரெண்டு தரமும் கையால இழுத்துப் போட்டன். குண்டியைச் சீட்டில முட்டக் குடுத்தாப் பிறகுதான் அசைஞ்சது. தொடைதான் நோகுது, கை நோகேல்லை.

[6:21] அண்ணா கட்டார்: கீழ என்ன அது

[6:22] நான்: பெத்தம்மாவின்ர பழைய மெத்தை

[6:22] அண்ணா கட்டார்: என்ர சைக்கிளை ஏன் மெத்தையில படுக்க வைச்சனி

[6:23] நான்: விழுத்தாமல் எப்பிடி அண்ணா தூக்கிப் பழகிறது? மாமாவும் நானும் மெல்லத்தான் சாய்ச்சனாங்கள்.

[6:24] அண்ணா கட்டார்: மாமா நீங்களுமோ. எத்தினை தரம்?

[6:26] சின்னமாமா கராஜ்: ஆறு

[6:26] அண்ணா கட்டார்: இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது

[6:27] புதுக்குடியிருப்பு மச்சாள்: நான் வாசிச்சிட்டன்

[6:30] பெரியம்மா: மெத்தையில எண்ணெய் பட்டதோ

[6:41] மல்லாவி மாமி: அந்தக் கச்சான் என்னெண்டு போச்சு பிள்ளை?