ஒரு ரைஸ் பேப்பரில் எவ்வளவு மாவுச்சத்து இருக்கும்?

கேள்வி:
நாளொன்றுக்கு 40 கிராம் மாவுச்சத்துக்கு மேல் போகாமல் உண்டு வருகிறேன். வியட்நாமிய உருளைகளை (ஸ்பிரிங் ரோல்) சுற்றப் பயன்படும் ரைஸ் பேப்பரோ, பின்னால் பிடித்த விரல் தெரியும் அளவுக்கு மெல்லியதாக இருப்பதால், அதைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டியதில்லையோ என்று தோன்றுகிறது. சேர்ப்பதானால், உலர்ந்த எடையைக் கொள்வதா, நனைத்த எடையைக் கொள்வதா?

பதில் 1:
மெல்லியதுதான், ஆனால் அது முழுக்க மாவு. அரிசி மாவு, பெரும்பாலும் அதனுடன் மரவள்ளி மாவு, உப்பு, தண்ணீர் ஆகியவற்றைக் கரைத்து, ஆவியில் வேகவைத்து உலர்த்துவதால், 100 கிராம் உலர்ந்த தாளில் 80 கிராமுக்கும் மேல் மாவுச்சத்து இருக்கிறது. கழித்துக்கொள்வதற்கு நார்ச்சத்தும் அநேகமாக இல்லை. 22 சென்டிமீட்டர் அகலமுள்ள தாள் ஒன்று சுமார் 10 கிராம் இருக்கும் என்று கொண்டால், அதில் 8 கிராம் மாவுச்சத்து. மூன்று உருளை உண்டால் உங்கள் அளவில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். நனைக்கும்போது ஏறுவது தண்ணீரின் எடை மட்டுமே என்பதால், உலர்ந்த எடையையே கொள்ளுங்கள்.

பதில் 2:
தாளின் அகலத்தையும் பாருங்கள். 16 சென்டிமீட்டர் தாளுக்கும் 22 சென்டிமீட்டர் தாளுக்கும் பார்வைக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. பரப்பளவிலோ பின்னது ஏறக்குறைய இரு மடங்கு. ஒரு பரிமாறல் (சர்விங், அதாவது உறையில் சத்துக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் அளவு) என்பது சில உறைகளில் ஒரு தாளையும் வேறு சிலவற்றில் மூன்று தாள்களையும் குறிப்பதால் (நான் ஏமாந்தது இங்கேதான்), பத்துத் தாள்களைச் சேர்த்து நிறுத்துப் பத்தால் வகுப்பதே நம்பகமான வழி.

பதில் 3:
கிழியாமலிருக்க இரண்டு தாள்களை அடுக்கிச் சுற்றுபவரானால், கணக்கும் இரட்டிப்பாகும். உள்ளே வைக்கும் அரிசி சேமியாவும் சர்க்கரை சேர்ந்த தொடுகுழம்பும் தாளை விஞ்சிவிடக்கூடும். நான் சேமியாவுக்குப் பதிலாக வெள்ளரியையும் இறாலையும் வைக்கிறேன். தாளே வேண்டாமென்றால், நடுநரம்பைச் சீவி, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்த முட்டைக்கோஸ் இலை நன்றாகச் சுற்ற வரும். ரைஸ் பேப்பரின் அந்த இழுவை மட்டும் அதில் கிடைக்காது.

கேட்டவர்:
என்னிடமுள்ள பத்துத் தாள்கள் 94 கிராம் இருந்தன. உறையில் 100 கிராமுக்கு 84 கிராம் மாவுச்சத்து என்று போட்டிருப்பதால், தாளுக்கு ஏறத்தாழ 7.9 கிராம் வருகிறது. சேமியாவை நீக்கிவிட்டு இரண்டு உருளைகளோடு நிறுத்திக்கொள்கிறேன்.