பெல்ட் விளக்கு எரிந்தபோது நின்றுகொண்டிருந்தவள்

காட்பாடிப் பெண்:
ஒன்பது வருஷம் விமானப் பணிப்பெண்ணாக இருந்தவள் நான். கால் கட்டோடு ஊருக்கு வந்ததும், விமானம் எங்கேயோ மோதிவிட்டது என்றுதான் தெருவில் எல்லாருக்கும் நினைப்பு. விமானத்தில் ஒரு கீறல் கூட இல்லை. நடுவானில் வந்த குலுக்கலில் உடைந்தது என் கணுக்கால்தான்.

பகல் நேரம், வெளியே மேகமே இல்லை. விமானத்தில் இருக்கும் ரேடார் மேகத்தில் இருக்கும் ஈரத்தைத்தான் காட்டும். தெளிந்த வானத்தில் வரும் குலுக்கல் அதன் கண்ணில் படாது. வால் பக்கம் நின்று காலித் தட்டுகளை வாங்கிக்கொண்டிருந்தேன். சீட் பெல்ட் போடச் சொல்லும் விளக்கு எரிந்தது. டிராலியின் சிவப்பு மிதியை அழுத்தி பிரேக் போட்டேன். பிரேக் சக்கரத்தைப் பிடிக்கும், சரி. டிராலியே மேலே எழும்பினால்? எழும்பியது. கூடவே நானும். தலை கூரையில் இடித்தது ஞாபகம் இருக்கிறது, அப்புறம் கால்மேல் டிராலி. எல்லாம் நாலைந்து விநாடி. விழுந்து கிடந்தபடியே டீ ஜக் எங்கே என்றுதான் தேடினேன், யார்மேல் கொட்டியதோ என்று. கார்ப்பெட்டில் கொட்டியிருந்தது.

2009 முதல் 2022 வரை அமெரிக்க விமானங்களில் குலுக்கலால் பலத்த காயம்பட்டவர்கள் 163 பேர். அதில் 129 பேர் பணியாளர்கள். பயணிகள் பெல்ட் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பதற்காகவே நிற்கிறவர்கள் நாங்கள். விளக்கு எரிந்தாலும் கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டு உட்கார் என்பது எங்கள் கம்பெனியில் எழுதாத சட்டம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஊரில் பெரியம்மா புத்தூர் கட்டுக்கு வண்டியே பேசி வைத்திருந்தார். எக்ஸ்ரேயில் பிளேட்டையும் ஆறு ஸ்க்ரூவையும் காட்டினேன். "எதுக்கும் ஒரு கட்டு போட்டுக்கோயேன்" என்றார்.

குடியாத்தம்காரர்:
மகனைப் பார்க்க சிங்கப்பூர் போனபோது காபி கேட்டேன். விளக்கு எரிகிறது, சூடாக எதுவும் தர முடியாது சார் என்றது அந்தப் பெண். லேசான ஆட்டம்தானே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மகன்தான் சொன்னான்: 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் மியான்மர் மேலே குலுங்கி, ஒரு பயணி இறந்து, பாங்காக்கில் இறங்கியதாம். அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியில் விளக்கு எரிந்தால் சூடான பானம் மட்டுமில்லை, சாப்பாடு பரிமாறுவதையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்களாம். அந்த விசாரணையின் முதல் அறிக்கையிலும் பெரிய அடி எல்லாம் 4.6 விநாடிக்குள்தான். திரும்பி வரும்போது காபியே கேட்கவில்லை.

ஓய்வுபெற்ற கண்டக்டர், சத்துவாச்சாரி:
நானும் முப்பது வருஷம் நின்றே சம்பாதித்தவன்தாம்மா. டிரைவர் திடீரென்று பிரேக் அடித்தால் சீட்டில் இருக்கிறவர் திட்டுவார், கண்டக்டர் விழுவான். ஆனால் எங்களுக்குத் தலைக்கு மேலே கம்பி உண்டு. உங்களுக்குப் பிடிக்க என்ன இருக்கிறது?

காட்பாடிப் பெண்:
கம்பி எல்லாம் இல்லை ஐயா. குலுக்கல் பலமாக இருந்தால் எங்கள் சீட்டைத் தேடி ஓடாதே, பக்கத்தில் காலி சீட் இருந்தால் உட்கார்ந்து பெல்ட் போடு, இல்லையென்றால் தரையிலேயே உட்கார்ந்து எதையாவது கெட்டியாகப் பிடித்துக்கொள் என்றுதான் பயிற்சியில் சொல்வார்கள். அன்றைக்கு என் இடுப்பை ஒட்டினாற்போல ஒரு சீட் காலியாகத்தான் இருந்தது. இன்னும் இரண்டு வரிசைத் தட்டுதானே என்று நின்றுவிட்டேன்.