கறிவேப்பிலை விதை முளைக்கவில்லை: உடனடி உதவி தேவை

மாடி_புதியவன்:
அனைவருக்கும் வணக்கம். கறிவேப்பிலை விதைகள் ஐம்பதை ஊன்றி நாற்பது நாள்கள் ஆகின்றன. இன்றுவரை ஒன்றுகூடத் தலைகாட்டவில்லை. தண்ணீர் தவறாமல் தெளிக்கிறேன். ஆவணியில் தங்கையின் புதுமனை புகுவிழாவுக்கு ஒரு கன்றாவது கொடுத்தாக வேண்டும். மாடியில் ஏற்கெனவே உள்ள இரண்டு வயதுச் செடியும் ஒரு கிளைகூட விடாமல் ஒட்டடைக் கம்பு போல என் தோள் உயரத்துக்கு நிற்கிறது. அவசரம், யாராவது வழி சொல்லுங்கள்.

கரிசல்காட்டார்:
எந்த ஊர், தம்பி? விதை கடையில் வாங்கியதா, மரத்தில் பறித்ததா? பறித்தது என்றால் எப்போது பறித்தீர்கள்? எவ்வளவு ஆழத்தில், எந்தக் கலவையில் ஊன்றினீர்கள்? இவற்றைச் சொல்லாமல் "முளைக்கவில்லை" என்று மட்டும் சொன்னால் நாங்கள் குறி சொல்லத்தான் முடியும்.

விதைப்பெட்டி:
விதையின் மேல்தோல் கடினமாக இருக்கும். கொன்றை விதைக்குச் செய்வதுபோல உப்புத்தாளில் தேய்த்து, வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்து ஊன்றுங்கள். எங்கள் வீட்டுச் சரக்கொன்றை அப்படித்தான் முளைத்தது.

தோட்டக்கலை_மூத்தோன்:
கொன்றையும் கறிவேப்பிலையும் ஒன்று என்று நினைப்பவர்கள் முதலில் ஒரு கறிவேப்பிலைப் பழத்தைக் கையில் வைத்துப் பிதுக்கிப் பார்க்க வேண்டும். அதன் விதையுறை நகம் பட்டாலே கிழியும். வெந்நீரில் போட்டால் விதை வெந்துபோகும். இதையெல்லாம் இங்கே எத்தனை முறைதான் எழுதுவது? இன்று ஊன்றி ஆவணியில் கன்று கொடுக்க நினைப்பவருக்கு நான் என்ன சொல்ல?

மோர்க்காரி:
மூத்தோன் ஐயா, புதிதாக வந்தவரை விரட்டாதீர்கள். நெட்டைச் செடிக்கு நான் வழி சொல்கிறேன், தம்பி. புளித்த மோரைப் பத்துப் பங்கு நீரில் கலந்து வாரம் ஒருமுறை வேரில் ஊற்றுங்கள். கிளை கிளையாக வெடிக்கும். பதினைந்து ஆண்டுகளாக எங்கள் வீட்டில் இதுதான் வழக்கம்.

மாடி_புதியவன்:
மன்னிக்கவும். நான் இருப்பது சென்னை. விதை, தேனியில் அம்மா வீட்டு மரத்தில் சென்ற ஆடியில் பறித்தது. கத்தரி விதையைப் போலவே வெயிலில் நன்றாகக் காயவைத்து, சாம்பல் கலந்து டப்பாவில் மூடி வைத்திருந்தேன். தென்னை நார்க்கழிவு நிரப்பிய நாற்றுத் தட்டில் ஊன்றியிருக்கிறேன்.

கரிசல்காட்டார்:
சிக்கல் இங்கேதான் இருக்கிறது. கத்தரியும் மிளகாயும் காய்ந்தால்தான் கெடாமல் இருக்கும். கறிவேப்பிலை விதையோ காய்ந்தால் உயிரை விட்டுவிடும். தட்டிலிருந்து ஒன்றைத் தோண்டி எடுத்து நகத்தால் பிளந்து பாருங்கள். உயிருள்ள விதை உள்ளே நல்ல பச்சையாக, பிசுபிசுப்பாக இருக்கும். உங்களுடையது பழுப்பேறிச் சுருங்கியிருக்கும். இனி எவ்வளவு தெளித்தாலும் அது முளைக்காது. இப்போது ஆடி மாதம், அம்மா வீட்டு மரத்தில் பழம் இருக்கும். குயிலும் கொண்டைக்குருவியும் முந்திக்கொள்ளும் முன், கறுத்துப் பழுத்தவற்றைப் பறித்துச் சதையைப் பிசைந்து கழுவிவிட்டு, மூன்று நான்கு நாள்களுக்குள் விரற்கடை ஆழத்தில் ஊன்றுங்கள். மூன்று வாரத்தில் முளை தெரியும். புதுமனைக்கு விதைக்கன்று ஆகாது; அதற்கு வருடம் ஒன்று வேண்டும். மரத்தடியில் வேரிலிருந்து கிளம்பிய பக்கக் கன்று இருந்தால், தாய்வேரோடு ஒட்டிய இடத்தை மண்வெட்டியால் வெட்டி, மண்ணோடு பெயர்த்து, நிழலில் வைத்துத் தேற்றிக் கொடுங்கள்.

தோட்டக்கலை_மூத்தோன்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். நெட்டைச் செடிக்கு மோரும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம். நுனிமொட்டில் உருவாகும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி கீழ்நோக்கி இறங்கிப் பக்க மொட்டுகளை உறங்க வைக்கிறது. ஒரு மீட்டர் உயரத்தில் நுனியை வெட்டிவிட்டால் அவை விழிக்கும். அவற்றில் ஐந்தாறு கிளைகளை விட்டு வளர்த்தால் புதராகும். தோட்டங்களில் இப்படித்தான் செய்கிறார்கள்.

மோர்க்காரி:
அப்படியானால் மோர் ஊற்றியதும் என் செடி தழைத்தது பொய்யா?

தோட்டக்கலை_மூத்தோன்:
நீங்கள் நாள்தோறும் தாளிப்புக்கு நுனியைக் கிள்ளினீர்களா, இல்லையா?

மோர்க்காரி:
கிள்ளாமல் ரசம் எப்படி வைப்பது?

தோட்டக்கலை_மூத்தோன்:
கிளை விட்டது அந்தக் கிள்ளலால்தான். பெயரை மோர் தட்டிக்கொண்டு போய்விட்டது.

விதைப்பெட்டி:
இருந்தாலும் மோரில் தழைச்சத்து சிறிதாவது இருக்கிறதே. மூத்தோன் ஐயா அதை அடியோடு மறுப்பது சரியா?

கரிசல்காட்டார்:
சிறிது இருக்கிறது; அதற்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். மாடித்தொட்டியில் மோர் தேங்கினால் எறும்பும் வாடையும்தான் மிச்சம். தம்பி, வெட்டிய பின் வரும் கொழுந்தை எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழுக்கள் ஒரே இரவில் மொட்டையடித்துவிடும். சிறியதாக இருக்கும்போது அவை பறவை எச்சத்தைப் போலவே தோன்றும். ஏமாறாமல் இலையைத் திருப்பிப் பாருங்கள்.

மோர்க்காரி:
எங்கள் மாடியில் ஓர் எறும்புகூட இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

மாடி_புதியவன்:
தாமதத்துக்கு மன்னிக்கவும், ஊருக்குப் போயிருந்தேன். பிளந்து பார்த்த விதைகள் அனைத்தும் பழுப்புதான். புதிதாக ஊன்றிய இருபதில் பதினொன்று முளைத்துள்ளன. வேர்க்கன்று தங்கை வீட்டுக்குப் போய்விட்டது. நெட்டைச் செடியில் கத்திரி வைக்க மாமியார் விடவில்லை, மோர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.