கெயின் மார்ஜின் மைனஸ், ஆனால் சிஸ்டம் ஸ்டேபிள். எதை நம்புவது?

கேள்வி:
ட்ரிபிள் இ மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அசைன்மென்ட்டில் ஒரு ஃபீட்பேக் கன்ட்ரோல் லூப் கொடுத்திருக்கிறார்கள்: மூன்று இன்டெக்ரேட்டர் (உள்ளே வருவதைக் கூட்டிக்கொண்டே போகும் பகுதி), நொடிக்கு 1 ரேடியனில் இரண்டு ஜீரோ, கெயின் 2. மேட்லாபில் போடே பிளாட் (ஃப்ரீக்வென்சிக்கு ஏற்ப கெயினும் ஃபேஸும் மாறுவதைக் காட்டும் படம்) போட்டால் ஃபேஸ் மார்ஜின் 44 டிகிரி, கெயின் மார்ஜின் மைனஸ் 12 டெசிபெல் என்று வருகிறது. மார்ஜின் என்றால் ஆட்டம் தொடங்கும் எல்லைக்கு மீதமிருக்கும் இடைவெளி. இரண்டும் பிளஸ்ஸில் இருந்தால்தான் ஸ்டேபிள் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் ஸ்டெப் ரெஸ்பான்ஸ் (உள்ளீட்டைத் திடீரென மாற்றினால் வரும் வெளியீடு) ஓவர்ஷூட் ஆகி அடங்கிவிடுகிறது. போடே பொய் சொல்லுமா?

பதில் 1:
ரௌத் அட்டவணை (சமன்பாட்டின் கெழுக்களை வைத்தே ஸ்டேபிளா என்று பார்க்கும் முறை) போட்டுப் பாருங்கள். கெயின் 0.5-க்கு மேல் எதுவானாலும் ஸ்டேபிள்தான்.

பதில் 2:
ரௌத் விடை சொல்லும், காரணம் சொல்லாது. தம்பி, போடே பொய் சொல்லவில்லை. "இரண்டும் பிளஸ்" என்பது ஃபேஸ் மைனஸ் 180-ஐ ஒரே ஒரு முறை, அதுவும் இறங்கும்போது கடக்கிற சாதாரண லூப்புக்கான குறுக்குவழி. உங்கள் படத்தின் இடது ஓரத்தைப் பாருங்கள். ஃபேஸ் மைனஸ் 270-இல் தொடங்கி மேலே ஏறுகிறது. 1 ரேடியனில் மைனஸ் 180-ஐக் கடக்கும்போது கெயின் 4, அதாவது 12 டெசிபெல். உங்கள் மைனஸ் 12 அங்கிருந்துதான் வருகிறது.

நைக்விஸ்ட் விதி கேட்பது, லூப்பின் கெயினையும் ஃபேஸையும் சேர்த்து வரைந்தால் மைனஸ் ஒன்று என்ற புள்ளியை அந்த வளைவு மொத்தத்தில் எத்தனை முறை சுற்றுகிறது என்பதை மட்டுமே. கெயின் ஒன்றுக்கு மேல் இருக்கும்போது நடக்கும் மைனஸ் 180 கடப்புகளை மட்டும் எண்ணுங்கள். சுழிய ஃப்ரீக்வென்சியில் இருக்கும் மூன்று இன்டெக்ரேட்டரைச் சுற்றி வளைத்துப் போகும்போது ஃபேஸ் சுழியத்திலிருந்து மைனஸ் 270 வரை இறங்குகிறது, அதில் கீழ்நோக்கி ஒரு கடப்பு. 1 ரேடியனில் மேல்நோக்கி ஒன்று. கணக்கு நேர். ஓப்பன் லூப்புக்கு s-தளத்தின் வலப்பாதியில் (தானாக வளரும் பக்கம்) போல் (pole) எதுவும் இல்லை, ஆகவே ஸ்டேபிள்.

இப்போது கெயினை இருக்கிற 2-இல் நாலில் ஒரு பங்குக்கு, அதாவது 0.5-க்குக் கீழே இறக்குங்கள். மேல்நோக்கிய கடப்பு எண்ணிக்கையிலிருந்து விழுந்துவிடும், இறங்கியது மட்டும் மிஞ்சும், ஆட்டம் வளரும். அந்த மைனஸ் 12-ஐ "இவ்வளவுதான் குறைக்கலாம்" என்று படியுங்கள். நைக்விஸ்ட் 1932-இலேயே தன் கட்டுரையில் இந்த வகையைக் கவனித்திருந்தார். கெயினைக் கூட்டினால்தான் ஆம்ப்ளிஃபயர் கத்தும் என்று பழகியவர்களுக்கு அது வினோதமாகத்தான் இருந்திருக்கும்.

கேட்டவர்:
0.4 வைத்துப் பார்த்தேன் அண்ணா, மெதுவாக வளர்ந்துகொண்டே போகிறது. அப்போது 2 வைத்தால் நிம்மதிதானே?

பதில் 2:
காகிதத்தில் நிம்மதி. நான் சர்வோ டிரைவ் (மோட்டாரை இயக்கும் கருவி) ட்யூன் செய்கிறவன், எனக்கு இந்த லூப் பிடிக்காது. பெரிய ஸ்டெப் கொடுத்தால் டிரைவ் வோல்டேஜ் எல்லையில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்போது லூப்புக்குக் கிடைக்கும் கெயின் குறையும். நாலில் ஒரு பங்குக்குக் கீழே போனால் ஆட்டம் தொடங்கும். ஆட்டம் பெரிதாகப் பெரிதாக கெயின் இன்னும் குறையும். சாதாரண லூப் என்றால் இப்படி எல்லையில் ஒட்டுவது, அதாவது சாச்சுரேஷன், ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும். இங்கே அதுவே எண்ணெய் ஊற்றும். மேட்லாபின் சிமுலிங்கில் ஒரு சாச்சுரேஷன் பிளாக் போட்டு, எல்லையைச் சின்னதாக வைத்து, ஸ்டெப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

பதில் 3:
பவர் ஆன் செய்யும்போதும் இதே கதைதான். வால்வு ஆம்ப்ளிஃபயரில் இழை சூடேறும்வரை கெயின் சுழியத்திலிருந்து ஏறிவரும், அந்த ஆபத்தான இடத்தைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும்.

கேட்டவர்:
சாச்சுரேஷன் போட்டேன். சின்ன ஸ்டெப்புக்கு அடங்குகிறது, பெரிய ஸ்டெப்புக்குப் பறக்கிறது! ஆன்டி-வைண்டப் (எல்லையில் ஒட்டியிருக்கும்போது இன்டெக்ரேட்டரை நிறுத்தி வைப்பது) போட்டால் சரியாகுமா?

பதில் 2:
கன்ட்ரோலருக்குள் இருக்கும் இன்டெக்ரேட்டருக்குப் போடலாம். மோட்டாருக்குள் இருக்கிறதை நிறுத்தி வைக்க முடியாது. உங்கள் மூன்றில் எத்தனை எங்கே இருக்கின்றன என்று முதலில் சொல்லுங்கள்.