கம்பெனி ஆக்‌ஷனா, கஸ்டம் ஆக்‌ஷனா? பேரல் மாற்றும் முன் ஒரு கேள்வி

குறிதேடி:
வணக்கம் நண்பர்களே. என் .308 ரைஃபிளின் பேரல் தேய்ந்துவிட்டது. தோட்டாவை ஏற்றிப் பூட்டும் பாகம், 2 லக் (பூட்டும் புடைப்பு) கொண்ட போல்ட் உள்ள கம்பெனி ஆக்‌ஷன். 100 மீட்டரில் 10 தோட்டா குரூப் (ஓட்டைகளின் பரவல்) முன்பெல்லாம் 30 மி.மீ.க்குள் நிற்கும், இப்போது 50ஐத் தாண்டுகிறது. புதுப் பேரல் போடும்போதே ரிசீவரையும் (போல்ட் ஓடும் உடல்) கடைந்து நேராக்கிவிடலாம் என்கிறார் பட்டறைக்காரர். அந்தச் செலவுக்குத் தனித் தயாரிப்பான கஸ்டம் ஆக்‌ஷனே வாங்கலாம் என்றும் அவரே சொல்கிறார். பெரும்பாலும் 300 மீட்டர் வரை காகித இலக்கு, எப்போதாவது 800 மீட்டரில் இரும்புத் தகடு. எது சரி?

கடைசல்:
யோசிக்கவே வேண்டாம், கஸ்டம்தான். ரிசீவரின் முகப்பு, பேரல் மரை, போல்ட்டின் முகம், லக் உட்காரும் இடம் எல்லாம் ஒரே அச்சுக்கு நேராக இருக்க வேண்டும். கம்பெனியில் பெரும்பாலும் முதலில் கடைந்துவிட்டுப் பிறகு பதமேற்றுவார்கள். அந்தச் சூட்டில் உலோகம் சற்று முறுக்கிக்கொள்ளும். பட்டறையில் நேராக்கலாம், ஆனால் அதற்கப்புறம் அந்த ரிசீவருக்கென்று ஒரு தனி அளவு வந்துவிடும். அடுத்த பேரலுக்கும் ரிசீவரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். இம்பேக்ட், ஸெர்மாட் போன்ற கஸ்டம் ஆக்‌ஷன்களில் அளவு பிசகாது. பேரல் செய்பவர் உங்கள் ரிசீவரைப் பார்க்காமலே கடைந்து அனுப்பிவிடுவார்.

நிதானம்:
கடைசல் சொல்வது எதுவும் தவறில்லை. ஆனால் அவர் சொல்லும் வரிசையை என்னால் ஏற்க முடியவில்லை. குரூப்பைத் தீர்மானிப்பது முதலில் பேரல், அடுத்து தோட்டா, அப்புறம் ஸ்டாக்கில் (ரைஃபிளின் கட்டையில்) ரிசீவர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறதா என்பது. ஆக்‌ஷன் இவற்றுக்கெல்லாம் பின்னால்தான்.

சாவேஜ் 110 என்ற கம்பெனி ரைஃபிளைப் பாருங்கள். 1958இல் வந்தது. போல்ட்டின் தலை தனித் துண்டு, கொஞ்சம் ஆடும். அதனால்தான் லக்குகள் இரண்டும் தாமாகவே சமமாகப் போய் உட்காருகின்றன. பேரலை ஒரு நட்டு பிடித்திருப்பதால் ஹெட்ஸ்பேஸை (மூடிய போல்ட் முகத்துக்கும் அறையில் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம்) அளவுகோல் வைத்துச் சரிசெய்து இறுக்கிவிடலாம். ரிசீவரை அனுப்பாமல் பேரல் மாற்றும் வசதி கஸ்டம்காரர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. நானே ஆக்‌ஷனைத் தொடாமல் பேரலை மட்டும் மாற்றினேன். 10 தோட்டா குரூப் 24 மி.மீ. 100 மீட்டரில் ஒரு மினிட்டுக்கு (ஒரு டிகிரியில் 60இல் ஒரு பங்கு) 29 மி.மீ. என்று வைத்துப் பாருங்கள்.

கடைசல்:
அப்படியானால் மேசையில் தாங்கி வைத்து, சின்னக் குரூப்புக்காகவே போட்டியிடும் பெஞ்ச்ரெஸ்ட்காரர்கள் ஏன் கஸ்டம் பக்கம் போனார்கள்? முன்பு ரெமிங்டன் ஆக்‌ஷன்மேல் உறை ஒட்டி, வளையாமல் விறைப்பாக்கிச் சுட்டார்கள். அந்தப் பாடெல்லாம் வேண்டாம் என்றுதான் ஸ்டோலி பாண்டா போன்றவை வந்தன.

நிதானம்:
அவர்கள் போட்டியில் வெற்றி தோல்வி கால் மினிட்டுக்கும் கீழே முடிவாகிறது. கேட்டவர் 800 மீட்டரில் தகடு அடிக்கிறார். ஆக்‌ஷன் முழுசாகக் கால் மினிட்டைக் குறைத்துக் கொடுத்தாலும் அங்கே அது 6 செ.மீ. கூட இல்லை. காற்றை நொடிக்கு 1 மீட்டர் தவறாகக் கணித்தால் .308 குண்டு சுமார் 40 செ.மீ. தள்ளிப்போகும். மிச்சமாகும் காசுக்குத் தோட்டா வாங்கிச் சுட்டுப் பழகட்டும் என்கிறேன்.

மணித்துளி:
இருவரும் குரூப்பை மட்டுமே பேசுகிறீர்கள். நான் நேரம் குறித்துச் சுடும் போட்டிகளுக்குப் போகிறவள். கஸ்டம் வாங்கியதில் என் குரூப் பெரிதாகக் குறையவில்லை, மறைக்க மாட்டேன். ஆனால் சுட்டு முடிந்த தோட்டாவின் கூடு பிடிவாதம் பிடிக்காமல் வெளியே வருகிறது, அவசரத்தில் இழுத்தாலும் போல்ட் சிக்குவதில்லை. குறிதேடி நிதானமாகக் காகிதத்தில் சுடுகிறவர் என்றால் இந்த லாபம் அவருக்குப் பாதிதான்.

கடைசல்:
சரி, ஒரு சோதனை சொல்கிறேன். ரைஃபிள் காலிதானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். லக்குகளின் பின்பக்கம் மார்க்கர் மை தடவி, போல்ட்டைப் பின்னால் அழுத்திப் பிடித்தபடி சில முறை மூடித் திறங்கள். ட்ரிகரோடு ஒருமுறை, ட்ரிகரைக் கழற்றிவிட்டு ஒருமுறை.

குறிதேடி:
செய்து பார்த்தேன். ட்ரிகர் இருக்கும்போது கீழ் லக்கில் மை போய்விட்டது, மேல் லக்கில் அப்படியே இருக்கிறது. ட்ரிகர் இல்லாமல் இரண்டிலும் சமமாக அழிகிறது.

கடைசல்:
நினைத்தேன். லக்கில் கோளாறு இல்லை, போல்ட் ரிசீவருக்குள் தளர்வாக இருக்கிறது. ட்ரிகர் பின்பக்கத்தை மேலே தள்ளுகிறது, மேல் லக் விலகிவிடுகிறது. போர்டன் ஆக்‌ஷன்களில் இதற்காகவே போல்ட்டில் லேசான மேடு வைத்திருப்பார்கள். மூடியதும் தளர்வு போய்விடும்.

நிதானம்:
ஆனால் இதே தளர்வோடுதானே பழைய பேரல் 30 மி.மீ.க்குள் சுட்டது?

கடைசல்:
சுட்டது. அதோடு திருப்திப்பட வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

குறிதேடி:
இப்போதைக்கு ரிசீவரின் முகப்பை மட்டும் சரிபார்த்துப் புதுப் பேரல் போடச் சொல்லிவிட்டேன். போல்ட்டைத் தொடவில்லை. 3 தோட்டா குரூப் காட்டி ஏமாற மாட்டேன், 20 தோட்டா சுட்டு அளவை இங்கேயே போடுகிறேன். 25 மி.மீ.க்குமேல் போனால் கடைசல் அண்ணனிடம்தான் வருவேன்.