செம்மரமா, சந்தனமா: எதற்குக் காவல் அவசரம்?

மலையோரம்:
செஞ்சந்தனம் என்ற பெயரே சொல்கிறதே, செம்மரமும் சந்தனத்தில் ஒரு வகைதான். இரண்டையும் கடத்தல்தான் அழிக்கிறது. ஒரே மாதிரிக் காவல் போட்டால் போதாதா?

வேங்கைநிழல்:
பெயரை வைத்து உறவு சொல்ல முடியாது நண்பரே. செம்மரம் அவரைக் குடும்பம், வேங்கை மரத்துக்குப் பங்காளி. மூன்று மூன்றாகச் சிற்றிலை, நடுவில் விதை வைத்துச் சுற்றிலும் சிறகு கட்டிய வட்டக் காய், முதலைத் தோல் போல வெடித்த பட்டை. கட்டையில் சந்தன வாசனை இருக்காது. நிறத்துக்கும் கனத்துக்கும்தான் மதிப்பு. வைரக்கட்டையைத் தண்ணீரில் போட்டால் மூழ்கும்.

சந்தனம் வேறு குடும்பம், பாதி ஒட்டுண்ணி. உணவை இலையில் தானே சமைக்கும். நீருக்கும் உப்புக்கும் பக்கத்துச் செடியின் வேரைக் கவ்வும். நாற்றுப் பையில் பொன்னாங்கண்ணியைச் சேர்த்து வளர்ப்பது இதற்காகத்தான்.

காவலும் அதனால் வேறாகத்தான் இருக்க வேண்டும். செம்மரத்தின் இயற்கைக் காடு கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும்தான். பெரும்பகுதி ஆந்திரத்தின் சேஷாசலம், வேலிகொண்டா மலைப் பக்கத்துக் கல்லும் சரளையுமான வறண்ட சரிவுகள். அங்கே போனால் போனதுதான். எந்த உயிரினம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லும் ஐயூசிஎன் (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) சிவப்புப் பட்டியல் 2018இல் அதன் நிலையைத் தளர்த்திவிட்டு, பிறகு மறுபடியும் 'அழியும் ஆபத்தில்' என்று ஏற்றியது. சந்தனம் அதற்கு ஒரு படி கீழே, 'பாதிக்கப்படக்கூடியது'.

மலையோரம்:
சரி, குடும்பம் வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு படி கீழே என்று சந்தனத்தை ஓரம் கட்டாதீர்கள். திமோரிலும் வட ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறதே என்ற பரப்புதான் ஏமாற்றுகிறது. எண்ணெய் வேரிலும் இருப்பதால் மரத்தை வேரோடு பெயர்க்கிறார்கள். கூர்நுனி நோய் வந்தால் இலை சுருங்கி ஊசியாக நிற்கும், சில வருடங்களில் மரம் செத்துவிடும். கேரளத்து மறையூர்ச் சந்தனக் காட்டில்கூட அந்த நோய் இருக்கிறது. இன்னொன்று: செம்மரம் 1995 முதல் சைட்டிஸ், அதாவது ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின், இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. நம் சந்தனம் அதில் இல்லவே இல்லை.

வேங்கைநிழல்:
சைட்டிஸ் விஷயம் நியாயம்தான். ஆனால் 2001இல் கர்நாடகமும் 2002இல் தமிழ்நாடும் விதியைத் தளர்த்திய பிறகு, நிலத்துக்காரரே சந்தனம் வளர்க்க வழி வந்துவிட்டதே?

மலையோரம்:
தோட்டத்தில் வைத்த மரம் வெட்டுவதற்கென்றே வளர்வது. காட்டில் பழம் தின்ற பறவை விதையைப் போட்டு, அது தானாக ஒரு வேரைத் தேடிப் பிடித்து வளர வேண்டும். காய்க்கிற மரமே நிற்கவில்லை என்றால் அந்தப் பறவை எதைத் தின்னும்?